ஏழாம் அறையில் பெய்த மழை

தடுப்பூசிக் கிடங்கின் ஏழாம் அறையில் மட்டும் நாற்பத்தொரு நாள், பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, நான்கு நிமிடம் மழை பெய்தது. கொத்தனார் மொட்டைமாடியை இரண்டு முறை பூசிப் பார்த்துவிட்டு, "ஓட்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா அடைக்க முடியும்" என்று கையை விரித்தார். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த நேரம்தான் உறுத்தியது. ஒன்பது அறைக் கணினிகளும் தத்தம் குளிர்பெட்டிகளின் வெப்பநிலைப் பட்டியலைத் தலைமைக் கணினிக்கு அனுப்பும் நேரம் அது. யாரும் தொடாமல் அந்த வேலை தானாக நடக்க, கட்டளைகளை வரிசையாக அடுக்கிய ஒரு பேட்ச் ஃபைலை எழுதி நேரம் குறித்து வைத்திருந்தவள் அவள்தான். ஏழாம் அறையின் பட்டியல் மட்டும் வந்து சேரவில்லை.

"வேலை முடிஞ்சதுன்னுதானே ஸ்க்ரீன்ல காட்டுது, விடுங்க மேடம்" என்றார் பொறுப்பாளர். அவள் விடவில்லை, உள்ளே இருப்பது குழந்தைகளுக்குப் போடும் மருந்து. ஏழாம் அறைக் கணினியின் கீபோர்டுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி, குடை பிடித்து உட்கார்ந்தாள். கையால் ஓடவிட்டால் பட்டியல் ஒழுங்காகப் போனது, தூறல்கூட இல்லை. நேரம் வந்து தானாக ஓடினால் பட்டியல் காணாமல் போய் மழை கொட்டியது. பத்து நாள் தலைமுடி காயவில்லை. கணவன் வாசலிலேயே துண்டை நீட்டப் பழகிக்கொண்டான்.

குடையோடு உட்கார்ந்த பதினோராம் நாள், நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும்படி ஃபைலுக்குள்ளேயே ஒரு கட்டளை சேர்த்தாள். மழை விட்டதும் திறந்து பார்த்தால், 'Z டிரைவ் இல்லை' என்றிருந்தது. Z என்பது தலைமைக் கணினிக்கு வைத்த சுருக்கப் பெயர். யாராவது தன் பெயரில் கணினிக்குள் நுழைந்திருக்கும்போதுதான் அந்தப் பெயர் செல்லும். ஏழாம் அறையின் குமாஸ்தா மாற்றலாகிப் போனதும், ஆளில்லாமலே ஓடட்டும் என்று மாற்றியவள் அவளே. கொஞ்ச நேரம் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. பிறகு Z-ஐ அடித்துவிட்டு முழு முகவரியை எழுதினாள். 'அனுமதி இல்லை' என்றது. தலைமைக் கணினியில் ஏழாம் அறைக் கணினிக்கு அனுமதியும் கொடுத்தாள்.

மறுநாள் கூரை சொட்டவில்லை. வந்து சேர்ந்த பட்டியலில், அன்று காலை பழுதாகியிருந்த குளிர்பெட்டி, எட்டைத் தாண்டக் கூடாதது, பதினோரு டிகிரி காட்டியது. அதிலிருந்து மாலை முகாமுக்குப் போகவிருந்த இரண்டு பெட்டி மருந்தைப் பொறுப்பாளர் தன் கையாலேயே ஒதுக்கி வைத்தார்.

வாசலில் கொத்தனார் காத்திருந்தார். "என் தங்கச்சி வீட்டு அடுப்படியிலயும் தெனம் ஆறு மணிக்குப் பெய்யுதும்மா. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

"கம்ப்யூட்டர் இருக்கா அங்க?"

"இல்லயே."

"நேரம் தவறாம பெய்யுதா?"

"ஒரு நிமிஷம் பெசகாது."

"அப்போ கண்டுபிடிச்சிடலாம், வாங்க" என்று அவள் செருப்பை மாட்டினாள்.