பூந்திக்குக் கட்டிய வீடு

தருமபுரத்தில் சிவபாலன் கட்டிய நாய்க்கூண்டுக்கு வரைபடம் உண்டு. ஓய்வு பெற்ற பொறியாளர் அல்லவா? அஸ்திவார மட்டம், மழைத்தண்ணீர் வடியும் வாட்டம், காற்றோட்டம், வடக்கு நோக்கிய அம்புக்குறி, ஓரத்தில் தேதியிட்ட கையெழுத்து என்று சகலமும் அதில் இருந்தன. கொத்தனார் முத்தையன் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "நாய்க்குத்தானே ஐயா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

நாய்க்குத்தான். ஊருக்குச் சொன்ன காரணம் சுகாதாரம்: உண்ணி, ரோமம், ஈர வாடை. உள்ளபடிக்கு, அந்த நாயோடு ஒரே கூரையின் கீழ் இருக்க அவருக்குப் பயம்.

மனைவி அமிர்தம் இறந்து இரண்டு மாதம். ஆவி, பேய் என்பவர்களை முப்பது வருஷம் மேடை போட்டுக் காய்ச்சியவர் சிவபாலன். சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்துதான் கருமாதி செய்தார். செய்த பிறகு அதையும் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். பதினாறாம் நாளோடு ஆள் போயாயிற்று, கோப்பு மூடியாயிற்று.

அமிர்தம் காரைக்கால் கடைத்தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த பூந்திக்கு இந்த நடைமுறை தெரியவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுகிற நேரத்துக்கு, அது படுக்கையறை வாசலில் போய் நிற்கும். அண்ணாந்து பார்த்து வாலாட்டும். பிறகு யாருடைய காலையோ உரசிக்கொண்டு நடப்பது போல, நின்று நின்று, கூடத்தைக் கடந்து அடுக்களைக்குப் போகும். அமிர்தத்துக்கு முழங்கால் வலி. அவளும் அப்படித்தான் நடப்பாள்.

அந்த நேரத்தில் சிவபாலன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். தாள் நடுங்கும். மின்விசிறிக் காற்று என்று தமக்கே விளக்கம் சொல்லிக்கொள்வார்.

கூண்டு முடிந்தது. பூந்தி அதைச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, ஒரு மூலையில் காலைத் தூக்கிவிட்டு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. உள்ளே கோழி ஈரல் வைத்தார். தின்றுவிட்டுத் திரும்பி வந்தது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஸியா பீவி ஒரு வாரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் நாயை வீட்டுக்குள் ஏற்றுவதில்லை. ஆனால் மீன் தலைகள் தினமும் மதில் தாண்டிப் பூந்திக்கு வந்துவிடும். கட்டடம் ஜோர், துபாயிலிருந்து மருமகன் வந்தால் இங்கேயே தங்க வைக்கலாம் என்று கிண்டல் செய்துவிட்டு, ஒரு யோசனையும் சொன்னார்.

"அக்கா உடுத்துன சேலை ஒண்ணு உள்ள போட்டு வைங்கண்ணே. அவங்க வாடை இருந்தா அது எங்க வேணாலும் படுத்துக்கும்."

சேலைகளைக் கருமாதியோடு கொடுத்தாயிற்று. கட்டிலுக்கடியில் தப்பிக் கிடந்த நீல நூல்சேலை ஒன்றை எடுத்து, நாலாக மடித்துக் கூண்டுக்குள் விரித்தார். பொறியாளர் வேலை, ஒரு சுருக்கம் இல்லை.

அன்றைக்கு நாலு மணிக்குப் பூந்தி படுக்கையறை வாசலில் வாலாட்டியது. கூடத்தைக் கடந்தது. அடுக்களையில் தங்கவில்லை. பின்வாசல் படிகளில் நின்று நின்று இறங்கியது. கூண்டு வாசலுக்கு வந்ததும் சற்று ஒதுங்கி, யாரோ நுழைய வழி விட்டது. பிறகுதான் தானும் நுழைந்தது.

சிவபாலன் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. படுக்கையறை வாசல் வெறும் வாசலாக இருந்தது. மின்விசிறி ஓடியும் செய்தித்தாள் அசையவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் நாலேகால் வரைக்கும் தாக்குப்பிடித்துப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளை நீக்கி மழையில் இறங்கினார்.

"அமிர்தம், மழை வலுக்குது. உள்ள வா."

மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

கூண்டுக்குள் வால் தரையைத் தட்டுவது கேட்டது. அவருக்காகத் தட்டவில்லை. குனிந்து பார்த்தார். நாய் ஒரு ஓரமாக ஒண்டிக் கிடந்தது. மிச்ச இடத்தில், மடித்து விரித்த சேலை யாரோ ஒருக்களித்துப் படுத்தது போல் அமுங்கியிருந்தது.

மண்டியிட்டு நுழையப் பார்த்தார். தலை போயிற்று, தோள் போகவில்லை. முதுகில் மழை கொட்டியது.

"கொஞ்சம் எடம் விடு," என்றார், சேலையைப் பார்த்து.

நாய்தான் நகர்ந்து படுத்தது.