இன்னொரு தடவை, கண்ணீரோட

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் கோபம்கூட அல்ல, என் தங்கையுடையது. மனநல ஆலோசகரான அவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு, "அக்கா, இதை எழுது. இல்லன்னா நான் யாரையாவது கடிச்சு வச்சிருவேன்" என்றாள்.

2
'மழை பெய்துகொண்டிருந்த ஒரு...'

வேண்டாம். மழையெல்லாம் இல்லை. போரில் மனம் காயப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளிப்பது எப்படி என்று தங்கை சமையலறை மேசையில் உட்கார்ந்து இணையவழியில் படித்துக்கொண்டிருந்தாள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒன்றில் பயிற்றுநர். இன்னொன்றில், நோயாளியாக நடிக்க அமர்த்தப்பட்டவர். முன்பு ராணுவத்தில் லாரி ஓட்டியவர். [முதலில் இவருக்கு முறுக்கு மீசையும் தழும்பும் வைத்தேன். அடித்துவிட்டேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.]

3
ஆலோசகராகப் பேசிப் பார்க்கும் முறை வந்ததும் தங்கை கேட்க, அவர் சொன்னார்: "பக்கத்து சீட்டுல இருந்தவன் பிஸ்கட்ல பாதி கேட்டான். இருடா, அந்த வளைவு தாண்டட்டும்னேன்." சிரித்தார். "வளைவு தாண்டல மேடம்."

பயிற்றுநர் குறுக்கிட்டார். "கட், கட். சிரிக்காதீங்க சார். உண்மையான நோயாளி இந்த இடத்துல உடைஞ்சு போயிடுவாரு. இன்னொரு தடவை, கண்ணீரோட."

உண்மையான நோயாளியாம்! தேள் கொட்டியவனுக்கே கடுப்பு எப்படி இருக்கும் என்று பாடம் நடத்துகிறார்.

"சார், அவர் நடிக்கல," என்றாள் தங்கை. "குடுத்த வசனத்துல பிஸ்கட்டே கிடையாது."

"நேரமாகுது மேடம்."

அவள் லாரிக்காரரிடமே கேட்டாள். "சிரிச்சீங்களே, ஏன்னு சொல்றீங்களா?"

"சிரிக்காம சொன்னா என் பொண்ணு எந்திரிச்சுப் போயிடறா மேடம். சிரிச்சாத்தான் உட்கார்ந்து கேக்கறா."

பயிற்றுநர் என் தங்கையின் ஒலியை அணைத்தார்.

(லாரிக்காரர் உண்மையில் சொன்னது பிஸ்கட் அல்ல, வேறொன்று. அதை உங்களிடம் கொடுக்க எனக்கு உரிமையில்லை.)

4
பயிற்றுநர் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். கை கூசியது. தங்கை சான்றிதழைக் கிழித்தெறிவதாக இன்னொன்று. கிழிக்க எங்கே இருந்தது? 'நோயாளியின் உணர்ச்சியை வெளிக்கொணரத் தவறினார்' என்று தேர்ச்சியே தரவில்லை.

நடந்தது இதுதான். மறுநாள் லாரிக்காரரே அவள் வேலை செய்யும் இடத்துக்கு போன் செய்தார்.

"மேடம், நடிக்காம வந்தா பார்ப்பீங்களா?"

"வாங்க."

வந்தார். தங்கை எழுந்து கதவைச் சாத்தினாள். என் பேனா வெளியேதான் நின்றது.

உள்ளே அழுதாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பயிற்றுநரும் அதைத்தான் கேட்டார்.