மணி அடங்கும் இடம்

கூடத்தில் அவள் புருஷனைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்கு அவள் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவரோடு வேலை பார்த்த ஒல்லி பக்கத்தில் வந்து நின்றான். அவர் வைத்த பெயர்தான். ஆள் பீப்பாயாகிவிட்ட பிறகும் பெயர் இளைத்தே இருந்தது.

“அக்கா, கேக்கவே வாய் வரல. பழைய போர்டா, புதுசா? ஃபாக்டரிக்கு இன்னிக்கே சொல்லியாகணும். அக்கா காது சொல்றதுதான் முடிவுன்னு அவர் சொல்லியிருந்தார்.”

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

அவர் செய்துகொண்டிருந்தது, எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றுகிற சின்னப் பெட்டி. ஓசை பெரிதாக இருக்கும்போது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். அடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உள்ளே போர்டில் இருக்கும் பொடிச் சுவிட்சுகள் எல்லாம் ஒன்றாகப் புரள வேண்டும். ஒன்று இம்மி பிந்தினாலும் ஓசையின் வாலில் மணல் அரைபடும். அந்த மணலை எடுப்பதிலேயே அவர் ஆயுசில் பாதி போனது. மீட்டருக்குத் தெரியாததை அவள் காது பிடித்துவிடும்.

முந்தாநாள் சாயங்காலம் சாப்பிடாமல், முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டி, “முதலா, ரெண்டாவதா?” என்றார். அவள் எங்கே கேட்டாள்! அவர் முகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் எழுந்தால் போதுமென்று, “ரெண்டாவதுதான், வாங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். மறுபேச்சில்லாமல் எழுந்து வந்து சாப்பிட்டார். கை கழுவும்போது, “நாளைக்கு நிதானமா கேளு” என்றார். விடிந்தபோது அவர் இல்லை.

“நான் பொய் சொல்லிட்டேன்டா. கேக்கவே இல்ல. இப்ப கேக்கறேன், வா.”

“அண்ணி, இப்பவா?” என்றார் கொழுந்தன்.

“இப்பத்தான்.”

அவர் வேலை செய்யும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அவர் விட்டுப்போனபடியே இருந்த பெட்டியில் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முதலாவதில், அவர் சோதனைக்கென்றே வைத்திருந்த மணியோசை ஒரு தரம் அடித்து, விரிந்து, தேய்ந்தது. கடைசியில் மணல். இரண்டாவதிலும் அதே மணல், அதே இடத்தில். மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் காதைச் சோதிக்க அவர் செய்கிற திருட்டுத்தனம். இரண்டு பக்கமும் ஒரே போர்டை மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்பார். “ரெண்டும் ஒண்ணுதான், யார்கிட்ட காட்டறீங்க உங்க வேலைய!” என்பாள் அவள். வயிறு குலுங்கச் சிரிப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் ஏமாந்ததில்லை.

ஒல்லி பெட்டியின் மூடியைத் திறந்தான். இரண்டு ஒயரும் பழைய போர்டில்தான் இருந்தன. புதியது மேஜை டிராயரில் கிடந்தது.

அப்படியானால் அவள் கேட்கவில்லை என்பது அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“பாவி மனுஷா, தெரிஞ்சேவா சாப்பிட வந்தீங்க” என்றாள் கூடத்துப் பக்கம் பார்த்து. அடக்கமாட்டாமல் அழுதாள். ஒல்லி புதியதை மாட்டும்வரை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

மணி அடித்தது.

கதவைத் திறந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தார். வண்டி வந்துவிட்டதென்று வாயசைவிலேயே தெரிந்தது.

“சுத்தமா இருக்கா அக்கா?” என்று ஒல்லி சைகையில் கேட்டான்.

அவள் கண்ணை மூடியபடி ஒரு விரலை உயர்த்தினாள்.

“இருங்க. இன்னும் அடங்கல.”

வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்ல, கொழுந்தன் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.