பிரித்து நிறுக்க முடியாத கொழுந்து

விடிய நாலரைக்கு எழுந்து சுடுதண்ணீர் வைத்தேன். முதலில் என் விரல்களை அதில் அமிழ்த்தினேன். அவை மடங்கினால்தான் மகளின் முழங்காலை நீவ முடியும். சஞ்சீவனிக்கு ஒன்பது வயது. காலையில் அவள் கால்கள் கட்டைபோல விறைத்துக் கிடக்கும். மூட்டுவாதமாம். "சின்னப் புள்ளைக்கு வாதமா?" என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் வந்தால் தெரியும்.

"மெதுவாம்மா, மெதுவா!"

"ஆச்சு சாமி, இன்னும் ரெண்டே தரம்."

அவளுக்கு நீவ நீவ என் மணிக்கட்டு தெறித்தது. எனக்கும் அதே வாத வருத்தம்தான், இரண்டு வருடமாக. தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலை செய்ய ஏலாதவள் என்று தெரிந்தால் கணக்கப்பிள்ளை வீரசிங்கம் வேலைப் பதிவிலிருந்து என் பேரை வெட்டிவிடுவார். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். அப்புறம் எங்கிருந்து பிள்ளையை மாதாமாதம் பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கொண்டுபோவது? சோற்றில் கை வைத்தாலும் இந்தப் பயம்தான்.

ஹந்தானை மலையில் அன்று பனி இறங்கியிருந்தது. ஈரக் கொழுந்தை விரல்கள் பிடிக்கவே மாட்டேன் என்றன. நிறை குறைந்தால் அரைப் பேர்தான், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. அதனால் என் நிரையைத் தாண்டும்போது பக்கத்து நிரை மாரியாயி அக்காவும் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பிடியை என் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். கை சுளுக்கு என்று நான் சொன்ன பொய்யை நம்பிச் செய்த உதவி அது.

பத்து மணிக்குத் தராசடியில் கணக்கப்பிள்ளை என் கூடையைத் தடியால் தட்டினார்.

"அன்னலட்சுமி, இதுல வேற ஆளு கொழுந்து எப்படி வந்துச்சு?"

"நானே பறிச்சதுங்க ஐயா."

"என் கண்ணால பாத்தேன், பனியில ஆளுதான் தெரியல. போட்டது யாரு? சொல்லலைன்னா ஒன் பேர இப்பவே வெட்டுவேன்."

பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வாய் தானாக உளறியது.

"மாரியாயி அக்கா."

சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் அரைப் பேரு. ஒனக்கு இனி வேலையும் இல்ல. அடுத்தவ கொழுந்துல நிறை காட்டுற ஏலாதவளுக்குத் தோட்டம் சோறு போடுமா? மாசக் கடைசிக்குள்ள லயத்தக் காலி பண்ணு."

மாரியாயி அக்கா நேரே என்னிடம் வந்தாள். அறையப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னத்துக்குடி கண்ண மூடுற? கைக்கு என்ன, உண்மையைச் சொல்லு."

"மகளுக்கு உள்ளதுதான் அக்கா எனக்கும்." அழுகை வெடித்துவிட்டது.

"அடிப் பாவி, எங்ககிட்டயா மறைச்ச?" என்றவள் கணக்கப்பிள்ளையிடம் திரும்பினாள். "நான்தான் போட்டேன். தெனமும் போட்டேன். இப்பவும் போடுறேன், பாருங்க!"

தரையில் விரித்திருந்த தறப்பாளில் தன் கூடையைக் கவிழ்த்தாள். அதன்மேல் இன்னொருத்தி கவிழ்த்தாள். பிறகு எல்லாரும். பதினெட்டுப் பேரின் கொழுந்தும் ஒரே குவியலாய்க் கிடந்தது.

"யாரோட கொழுந்து எதுன்னு பிரிச்சு நிறுங்க பாப்போம்! எல்லாருக்கும் முழுப் பேரு போடுங்க," என்றாள் அக்கா. "இவ லயத்துல கை வச்சா நாளைக்கு ஒருத்தியும் வேலைக்கு எறங்க மாட்டோம்."

"கொழுந்து அவிஞ்சு போகும். மேனேஜர் தொரைக்குப் போன் போடுறேன்!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை.

"போடுங்க. எங்களுக்கும் அவரத்தான் பாக்கணும்."

குவியலைச் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கீழ்வளைவில் ஜீப் முனகுவது கேட்டது.

"முன்னுக்கு வா புள்ள," என்றாள் அக்கா. "பயமா இருந்தா என் சீலையப் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். தொரை இறங்கினார். எங்களில் முதலில் பேசியது நான்தான்: "எனக்கு மூட்டுவாதங்க தொரை, இவங்க போட்ட கொழுந்துலதான் என் புள்ளைக்கு ஊசி போடுறேன்."