சின்னையன் மரமேறிய பாட்டு

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுப்பவள் பூமாரி. எழுதப் படிக்கத் தெரியாது. வாயில் வந்ததைக் கட்டுவாள். மறுநாள் தோட்டமே பாடும். எழுபத்து நாலாம் வருஷம் தங்கை முத்துப்பேச்சி பிரசவத்தில் செத்தபோது அவள் பாடிய ஒப்பாரியைக் கேட்டு அழாதவர் இல்லை.

அந்த ஒப்பாரியைத்தான் கங்காணி சின்னையன் குமுளிக் கள்ளுக்கடையில் இடுப்பை ஆட்டி, மூக்கால் இழுத்துப் பாடிக் காட்டினான். கடையே சிரித்ததாம்.

அவனைப் பாட்டாலேயே நாறடிக்க வேண்டும் என்று பூமாரி கருவினாள். ஆனால் ஓர் அடிகூட வரவில்லை. வாயைத் திறந்தால் வசவுதான் வந்தது. வசவைத் தோட்டம் பாடாது.

ஆடி மழையில் வேலை நின்றது. பக்கத்து வீட்டு செபமாலையம்மாள் கூடை முடைய ஆள் தேடினாள். சும்மா இருக்க முடியாமல் பூமாரி போய் உட்கார்ந்தாள். எடுத்த மூங்கில் சிம்பெல்லாம் ஒடிந்தது.

"ஏன்டி, கூடை முடையிறியா, எவன் கழுத்தையாவது நெரிக்கிறியா? பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சே விடாம இருக்கியே!"

அப்போதுதான் தாடை வலிப்பது பூமாரிக்குத் தெரிந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. மூச்சை விட்டாள், தோள் இறங்கியது. சிம்பை மடக்கும்போது மூச்சை இழுத்தாள், அழுத்தும்போது விட்டாள். மூன்றாம் நாள் கை தானாக ஓடியது. அந்த ஓட்டத்தில் போன வருஷம் தோட்டத்துக்குள் புகுந்த ஒற்றை யானை நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பெண்களைத் தள்ளிவிட்டு மரமேறியவன் சின்னையன்.

"ஆனை வருதுன்னு அய்யா மரமேறி
அம்மான்னு அழுதாரே – அந்த
அழுகைக்குத் தாளம் போடுங்கடி!"

செபமாலையம்மாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கூடை உருண்டு ஓடியது.

மழை விட்டதும் நாற்பது பேர் பாடினார்கள். சின்னையன் கத்தினால் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனகினார்கள். முனகலுக்கு என்ன தண்டனை கொடுப்பான்? கள்ளுக்கடைக்குள் நுழைந்தால் யாராவது "ஆனை வருது!" என்றார்கள். ஐப்பசியில் சாந்தன்பாறைக்கு மாற்றல் வாங்கிப் போனான். அங்கே காய் எடுப்பவர்களில் பாதிப்பேர் இவர்களுக்குச் சொந்தம். அவனுக்கு முன்பே பாட்டு போய்ச் சேர்ந்திருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் பூமாரி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நான் செஞ்சது தப்புதான் தாயி. எம் மகளே அதைப் பாடுறா. நிறுத்தச் சொல்லு."

அவன் கண் கலங்கியிருந்தது. இதைப் பார்க்கத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க மகளுக்குக் குரல் நல்லா இருக்குமா, கங்காணி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் மூணு அடி கட்டி வச்சிருக்கேன். வரச் சொல்லுங்க, சொல்லித் தாரேன்."

அவன் சரிவில் இறங்கி மறையும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை.