பகலில் கூடிய இரண்டு துடிப்புகள்

மீன் ஆறு நாளாக இருட்டறையில் இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் படவில்லை. தொட்டியின் வெப்பமானி இருபத்திரண்டு டிகிரியை விட்டு நகரவில்லை. அப்படியும் செவ்வாய் காலை பதினொன்றுக்கு அதன் மின்துடிப்பு விநாடிக்கு இருபத்திரண்டிலிருந்து இருபத்து நான்குக்குத் தாவி, நாற்பது நிமிடம் கழித்து அடங்கியது. வியாழன் மாலை நான்குக்கு மறுபடியும். நடுவில் புதன் முழுக்க ஒன்றுமில்லை.

எங்கள் மொண்டெவிடெயோ நகரைச் சுற்றியுள்ள ஏரிகளில், ஆகாயத்தாமரை வேர்களுக்குள் வாழும் மீன் இது. ஓயாமல் மெல்லிய மின்சாரத்தை எழுப்பி, அதில் விழும் மாற்றங்களைக் கொண்டே அக்கம்பக்கத்தை அறியும். இரவானால் துடிப்பு கூடும். இருட்டைக் கண்டு கூடுகிறதா, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறதா என்பதுதான் என் முதுகலை ஆய்வு. எப்போதும் இருட்டில் வைத்தும் இரவில் மட்டும் கூடினால் கடிகாரம் உண்டு. கூடத்தான் செய்தது. ஆனால் பகலில் கண்ட நேரத்தில் வரும் இந்தத் தாவல்களுக்கு என்ன பதில் சொல்வது?

என் வழிகாட்டி கிரசியேலா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "காரணம் தெரியாம இதை வர்ற வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன்னாடி வெச்சா, ராத்திரி கூடுறதையும் நம்ப மாட்டாங்க அனாலியா. அப்புறம் கோடையில புது மீன் பிடிச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஏழு மாத வேலை. அதன்பின் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. மின்கம்பிகளை மாற்றினேன். நடைபாதையில் யார் கடந்தாலும் மணி குறித்தேன், பொருந்தவில்லை. நீர் நிரப்பும் வால்வையும் சந்தேகித்தேன். தொட்டியில் நீர் குறைந்தால், வெளியே நடைபாதையில் இருக்கும் கேனிலிருந்து அது தானாகவே நீர் விடும். அப்போது பதிவில் ஒரு சிறு கோடு விழும். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் அந்தக் கோடு இருந்தது. ஆனால் கோடு விழுந்தும் தாவாத நாட்களே அதிகம். ஆகவே வால்வை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை, பக்கத்து மேசை யமந்தூ மாத்தே என்னும் இலைத்தேநீர் போட நீர் சுடவைத்திருந்தான். நான் அவனிடம் புலம்பிக்கொண்டே இருந்ததில் கெட்டில் கொதித்துவிட்டது. கொதித்த நீர் இலையைக் கருக்கிக் கசக்க வைக்கும். எங்களில் யாரும் அதைத் தொடமாட்டோம்.

"மீனைவிட நீதான் அதிகமா துடிக்கிற. பாரு, தண்ணி பாழாப்போச்சு" என்று முனகியபடி கெட்டிலோடு வெளியே போனான். கழுவுதொட்டி அறைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எதற்கு என்று பின்னால் போனேன். என் கேனைத் திறந்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"கொதிச்ச தண்ணியில குளோரின் போயிருக்கும்ல. உன் மீனுக்கு நல்லதுன்னுதான். பாழாப்போற தண்ணியெல்லாம் குளிர்காலத்துலேர்ந்து இதுலதான் ஊத்துறேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

கேனைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது.

அவனை மட்டும் திட்ட முடியாது. சூடான நீர் எடை குறைந்தது, மேலேயே மிதக்கும். மீனும், வேர்களுக்குப் பதிலாக நான் மிதக்கவிட்ட பிளாஸ்டிக் இழைகளுக்குள், மேலேதான் கிடக்கும். வெப்பமானியை அடியில் வைத்தது நான்.

இன்னொரு வெப்பமானியை இழைகளுக்குள் கட்டி, வால்வைக் கையால் திறந்தோம். மேல்நீர் இரண்டு டிகிரி ஏறியது. அடிநீர் அசையவில்லை. மீனின் துடிப்பு இருபத்து நான்குக்குப் போனது. நாற்பது நிமிடத்தில் நீர் கலந்து ஆறியதும் இறங்கியது. கெட்டில் கொதிக்காத நாட்களில் கேன் நீர் குளிர்ந்தே இருந்திருக்கும். அதனால்தான் அன்றெல்லாம் கோடு மட்டும் விழுந்தது.

வியாழன் முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு வால்வுக் கோட்டுக்கும் பிந்தைய நாற்பது நிமிடத்தைப் பதிவுகளிலிருந்து வெட்டினேன். பகல் தாவல்கள் போயின. இரவில் கூடுவது அப்படியே இருந்தது. இனி நிரப்பும் நீர் ஒரு நாள் முழுக்க மீன் அறையிலேயே ஆறியபின்தான் கேனுக்குப் போகும். வெப்பமானி மீனின் பக்கத்தில் இருக்கும்.