முந்திக்கொண்டு பதில் சொன்ன மூன்றாம் சர்வர்

1

பதினோரு லாரி குடைமிளகாயை, நாற்காலியை விட்டு எழாமல், ஒற்றை விரலால் திரும்ப வரவழைத்தவன் நான். (இருபத்திரண்டு என்றுதான் எழுதியிருந்தேன். ஸ்தாங்கா பென்சிலால் அடித்துவிட்டாள்.)

இந்தக் கதை பிறந்ததே அவளால்தான். ப்ளோவ்டிவ் நகரில், லியுதெனிட்சா என்னும் குடைமிளகாய்த் தொக்கு செய்யும் எங்கள் ஆலையில் கணினிகள் என் பொறுப்பு, லாரிகளை வரவழைப்பதும் அனுப்புவதும் அவள் பொறுப்பு. இப்போது இருவருக்குமே ஓய்வூதியம். "யோவ் ஸ்பாஸ், வாயால அளந்தது போதும். எழுதிக் காட்டு, எங்க பொய்யின்னு நான் சொல்றேன்" என்றாள்.

2

செப்டம்பர் மாதத்து இளங்காலைப் பொழுதில், மரித்சா நதியின்...

வேண்டாம். நதிக்கு இதில் வேலையில்லை.

எங்கள் விற்பனைத் தரவுத்தளம் மூன்று சர்வர்களில், ஒன்றின் நகலாக மற்றொன்று என்று இருந்தது. காலை ஒன்பதானால் கிளை மேலாளர்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் "இந்த நிமிஷம் வரை எவ்வளவு விற்றது?" என்று அறிக்கை கேட்பார்கள். எந்த சர்வர் சீக்கிரம் பதில் சொல்கிறதோ அதற்கே அடுத்த கேள்வி என்று நான் வேலையைப் பங்கிட்டிருந்தேன். மேதாவித்தனமான ஏற்பாடு. (ஓரத்தில் ஸ்தாங்கா: "யார் சொன்னா?")

அன்று மூன்றாம் சர்வரிலிருந்த தரவெல்லாம் அழிந்துபோனது. தேட ஒன்றுமில்லாததால் எதைக் கேட்டாலும் கண்ணிமைப்பதற்குள் 'பூஜ்யம்' என்றது. ஆகா, என்ன வேகம் என்று எல்லாக் கேள்விகளும் அதற்கே போயின. விஷயம் தெரிந்த மற்ற இரண்டும் ஈ ஓட்டின.

3

இயக்குநர் கலினா திரையைப் பார்த்து அலறினார்: "ஒரு ஜாடிகூடப் போகலையா? அப்புறம் மிளகாய் எதுக்கு? ஸ்தாங்கா, வர்ற லாரியெல்லாம் திருப்பி அனுப்பு!"

"பறிச்ச காயி மேடம். திரும்பிப் போனா அழுகிடும். வருஷம் முழுக்க அந்த விவசாயிங்க என்ன சாப்பிடுவாங்க?"

"ஜீரோன்னு எழுதியிருக்கு பாரு!"

லாரிகள் திரும்பின. நான் மூன்றாம் சர்வரை வரிசையிலிருந்து நீக்கும் விசையை அழுத்தினேன். ஒரே விசை, ஒரே விரல். மற்ற இரண்டும் வாய் திறந்தன: ஒன்பதாயிரத்து நானூறு ஜாடி!

"கூப்பிடு, எல்லா லாரியையும் திரும்பக் கூப்பிடு!" என்றார் கலினா.

4

இந்தக் கதைக்கு முடிவுகள் பல கைவசம் உண்டு. கலினா எனக்குச் சிலை வைத்தார். அல்லது, விவசாயிகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு... சரி, வாசகரே, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். "விரலாவது, லாரியாவது" என்று இருபது வருடமாகச் சிரிக்கிறவளிடம் கடைசிப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

(பென்சிலில்: "நடந்ததுதான். விரலையும் பார்த்தேன். ஆனா அன்னிக்கு வந்த லாரி பன்னெண்டு. பன்னெண்டாவது என் தம்பி வண்டி. அதை நான் திருப்பி அனுப்பவேயில்ல, ஆலைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தேன். யாராவது லாரியை எண்ணிப் பார்த்துடுவாங்களோன்னுதான் இத்தனை வருஷமா மொத்தமும் பொய்யின்னேன்.")